நுரையீரல் புற்றுநோய்க்கான இலக்கு மருந்து ஆய்வு: யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள்? நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து நுரையீரல் புற்றுநோய்க்கு மேல்சிகிச்சை தேடி மதுரை, திருவனந்தபுரம், சென்னை, வேலூர் என்று போகிறவர்கள் ஏராளம். போன இடத்தில் யாராவது ஒரு டாக்டர் "ஒரு ட்ரயல் இருக்கு, பார்க்கலாமா?" என்று கேட்பார். அங்கிருந்துதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலையில் இருப்பதால், ஊர்க்காரர்கள் எனக்கு போன் போட்டுக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நோயாளியின் ஃபைலை முதலில் பிரித்துப் பார்ப்பது என் மாதிரி ஆட்கள். சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஆய்வு மருத்துவர்.

டார்கெட் மாத்திரை ட்ரயல் என்றால் என்ன?

சில நுரையீரல் புற்றுநோய்களில், செல்லுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மரபணு மாறிப்போய், "வளர், வளர்" என்று நிற்காமல் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஒரு உத்தரவை அடக்குவதற்காகச் செய்யப்பட்டவை இலக்கு மருந்துகள். பெரும்பாலும் மாத்திரை, சில ஊசி. கெஃபிடினிப், எர்லோடினிப், ஓசிமெர்டினிப் ஆகியவை இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் மாற்றத்துக்கு. கிரிசோடினிப், அலெக்டினிப், லார்லாடினிப் ஆகியவை ஏஎல்கே என்ற மரபணுவின் மாற்றத்துக்கு. கேராஸ், மெட், ரெட், ஹெர்2, பிராஃப் என்று மரபணுக்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

இவற்றில் புதிதாக வரும் ஒன்றையோ, இருப்பதையே வேறு மருந்தோடு சேர்த்தோ, முறைப்படி ஆட்களுக்குக் கொடுத்துப் பலன் பார்ப்பதுதான் ட்ரயல். யார் சேரலாம், யார் சேரக்கூடாது என்று ஒவ்வொரு ட்ரயலுக்கும் எழுதி வைத்த பட்டியல் உண்டு. கீழே சொல்லியிருப்பவை அந்தப் பட்டியல்களில் அடிக்கடி வருபவை. உங்களுக்குச் சொல்லப்படும் ட்ரயலின் பட்டியலில் எண்களும் நாட்களும் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

ஜீன் டெஸ்ட் செய்யாமல் சேர்க்கவே மாட்டார்களா? அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தால் என்ன?

கொடுத்துப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். கிழக்கு ஆசிய நாடுகளில் 1,217 பேரை வைத்து நடந்த ஐபாஸ் என்ற ஆய்வு 2009-ல் வெளியானது. புகைப்பழக்கம் இல்லாத, அல்லது எப்போதோ கொஞ்சம் இருந்த அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு கெஃபிடினிப், பாதிப் பேருக்கு கீமோ. ஜீன் பார்த்துச் சேர்க்கவில்லை. பிறகு திசுவை ஆராய்ந்தபோது விஷயம் இரண்டாகப் பிரிந்தது. இஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தவர்களுக்கு மாத்திரை கீமோவை விட நன்றாக வேலை செய்திருந்தது. மாற்றம் இல்லாதவர்களுக்கோ அதே மாத்திரை கீமோவை விட மோசம். நோய் சீக்கிரமே வளர்ந்திருந்தது.

"கொடுத்துப் பார்த்தால் என்ன?" என்ற கேள்விக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. ஜீன் ரிப்போர்ட் இல்லாமல் மாத்திரையைத் தொடங்கினால் நாட்கள் வீணாகும், கூடவே நோயும் முன்னேறிவிடலாம். அதனால்தான் இலக்கு மருந்து ட்ரயல்களில் முதல் நிபந்தனையே மரபணு ரிப்போர்ட். இஜிஎஃப்ஆர் என்று பொதுவாக எழுதியிருந்தாலும் போதாது. அந்த ஜீனில் எந்த இடத்தில் என்ன மாற்றம், அதாவது எக்ஸான் 19 நீக்கமா, எல்858ஆரா, எக்ஸான் 20 செருகலா என்று வரி வரியாகப் பார்ப்பார்கள். மூன்றும் ஒரே ஜீன்தான். ஆனால் ஒன்றுக்குக் கேட்கும் மாத்திரை இன்னொன்றுக்குக் கேட்பதில்லை.

எங்க அம்மா பீடி குடிச்சதே இல்லை. ஆனா 30 வருஷம் பீடி சுத்துனாங்க. அவங்களைப் புகைப்பவர் கணக்கில் சேர்ப்பார்களா?

முக்கூடல், பாவூர்சத்திரம், கடையம், ஆலங்குளம் பக்கத்திலிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. சுற்றுவது புகைப்பதாகாது. ஆய்வுப் படிவத்தில் புகைப்பழக்கம் என்ற இடத்தில் பார்ப்பது, வாயில் வைத்து இழுத்ததைத்தான். வாழ்நாளில் 100 சிகரெட்டுக்கும் குறைவாகப் புகைத்தவரை "ஒருபோதும் புகைக்காதவர்" என்றே எழுதுவது வழக்கம். பீடிக்கு, நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷம் என்று தனியாகக் கேட்பார்கள்.

இருந்தாலும் அம்மா மடியில் முறத்தை வைத்துத் தூளோடு இருந்த வருஷங்களைத் தொழில் என்ற இடத்தில் சொல்லிவிடுங்கள். வீட்டில் விறகடுப்புப் புகை இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அது தகுதியைக் கெடுக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகைக்காத பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தால், இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாதிரி மாற்றம் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். ஆகவே "பொம்பளை ஆளு, பீடி குடிக்காதவ, இவளுக்கு எப்படி கேன்சர்?" என்று மலைத்து நிற்பதை விட, ஜீன் டெஸ்ட் ஆகிவிட்டதா என்று முதலில் கேட்பது நல்லது.

புகைத்தவர்களையும் ஒதுக்குவதில்லை. மாற்றம் இருந்தால் அவர்களும் சேரலாம். கேராஸ் ஜி12சி மாற்றம் புகைத்தவர்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகிறது.

பயாப்சி எடுத்தாச்சு, கேன்சர்னு ரிப்போர்ட்டும் வந்தாச்சு. ஜீன் டெஸ்டுக்கு மறுபடியும் ஊசி போடணுமா?

பெரும்பாலும் வேண்டாம். பழைய திசு லேபிலேயே இருக்கும். எடுத்த துணுக்கை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, நாலு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பிளாக். கேன்சர் என்று சொன்ன லேபுக்குப் போய், டாக்டர் கடிதத்தைக் காட்டி அதை வாங்கலாம்.

வாங்கும்போது செய்ய வேண்டியது ஒன்று: சட்டத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்ணும், பயாப்சி ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட ஆய்வுக்கூடம் திருப்பி அனுப்பிவிடும், பத்து நாள் போய்விடும். இன்னொன்று, சித்திரை வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே பிளாக்கை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பாரஃபின் மெழுகு 60 டிகிரியை ஒட்டி உருகக்கூடியது. கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும், ஐஸ் எதுவும் தேவையில்லை.

சில சமயம் பிளாக்கில் புற்றுசெல் போதாது என்று சொல்வார்கள். எலும்பிலிருந்து எடுத்த துணுக்கு என்றால் அதை மென்மையாக்க ஆசிட் பயன்படுத்தியிருப்பார்கள். அது டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். அப்போது மறுபடி ஊசி போட வேண்டி வரும். ரத்தத்தில் பார்க்கும் திரவ பயாப்சியும் உண்டு. அதில் மாற்றம் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் "மாற்றமே இல்லை" என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. ரத்தத்துக்கு வரும் அளவு குறைவாக இருந்திருக்கலாம்.

நெஞ்சில் நீர் கோத்திருக்குன்னு எடுத்தாங்க. அதுல பார்க்க முடியுமா?

முடியும். அந்த நீரைச் சுழற்றி, அடியில் தங்கும் செல்களை மெழுகில் பதித்தால் அதுவும் ஒரு பிளாக்தான். நீரை எடுத்துக் கொட்டிவிடுவதற்கு முன்னால் "செல் பிளாக் போடச் சொல்லுங்க டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கீமோவை அடுத்த வாரமே ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாங்க. ட்ரயலுக்காகத் தள்ளிப் போடலாமா?

மூச்சுத்திணறல் அதிகம், சளியில் ரத்தம் வருகிறது, மூளையில் வீக்கம் என்று நிலைமை இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். உயிர்தான் முக்கியம். ஆனால் ஆள் நடமாட்டத்தோடு இருந்து, டாக்டரும் அவசரமில்லை என்று சொன்னால், முதல் மருந்து உடம்பில் ஏறுவதற்கு முன்னாலேயே ட்ரயலைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். ட்ரயல்களில் ஒரு பெரிய பகுதி "முதல் வரிசை" ட்ரயல்கள். பரவிய நோய்க்கு இதுவரை எந்த மருந்தும் எடுக்காதவர்களை மட்டுமே சேர்ப்பார்கள். ஒரு சுற்று கீமோ ஏறிவிட்டால் அந்தக் கதவு சாத்திவிடும். சிலவற்றில் ஒரு சுற்று வரை பொறுத்துக்கொள்வார்கள், அவ்வளவே. எங்கள் மேசைக்கு வரும் ஃபைல்களில் ஜீன் பொருந்தியிருக்கும், உடம்பும் திடமாக இருக்கும், ஆனால் ஜீன் ரிப்போர்ட் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் கீமோ ஏறியிருக்கும். இப்படி ஒரு ஃபைலை மூடி வைப்பதைப் போல வருத்தம் தரும் வேலை வேறில்லை.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி ஊசிக்கும் இதே கவனம் வேண்டும். அந்த ஊசி போட்ட கொஞ்ச நாளிலேயே ஓசிமெர்டினிப் தொடங்கியவர்களுக்கு நுரையீரல் அழற்சி கூடுதலாக வந்திருக்கிறது. அதனால் இலக்கு மருந்து ட்ரயல்களில் "இம்யூனோதெரபி எடுத்தாரா, எப்போது?" என்று தேதியோடு கேட்பார்கள்.

இரண்டாம் வரிசை ட்ரயல்கள் வேறு. அவை ஏற்கெனவே ஒரு மாத்திரை சாப்பிட்டு, பிறகு நோய் திரும்ப வளர ஆரம்பித்தவர்களுக்கு. இங்கே பழைய பிளாக் பெரும்பாலும் போதாது, புதிதாகத் திசு கேட்பார்கள். கெஃபிடினிப், எர்லோடினிப் சாப்பிட்டு நோய் மீண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் டி790எம் என்ற புது மாற்றம் முளைத்திருக்கும். மாத்திரை வேலை செய்யாமல் போன காரணம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பழைய மருந்து உடம்பை விட்டு வெளியேற இடைவெளியும் விடுவார்கள். கீமோவுக்கு மூன்று, நாலு வாரம், கதிரியக்கத்துக்கு இரண்டு வாரம் என்பது வழக்கமாகக் காணும் அளவு.

முதலில் டிபின்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. இப்பவும் சாப்பிட்டுட்டு இருக்கார். பிரச்சினையா?

பிரச்சினைதான், ஆனால் தீர்க்கக்கூடியது. நாள்பட்ட இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் நிழல்: இரண்டு நோயும் ஒரே மாதிரி தோன்றுவதால் நம் ஊரில் சளியில் கிருமி தெரியாவிட்டாலும் டிபி மருந்து தொடங்கிவிடுவது சகஜம். இரண்டு மாதம் கழித்து இருமல் குறையாமல், அப்புறம்தான் சிடி ஸ்கேன்.

டிபி மருந்தில் ரிஃபாம்பிசின் இருக்கிறது. சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவது அதுதான். அது கல்லீரலை முடுக்கிவிட்டு கெஃபிடினிப், எர்லோடினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகளை வேகமாகக் கரைத்து வெளியே தள்ளிவிடும். சாப்பிட்ட மாத்திரை ரத்தத்தில் போதிய அளவு நிற்காது. அதனால் ரிஃபாம்பிசின் எடுத்துக்கொண்டிருப்பவரைச் சேர்க்க மாட்டார்கள். நிறுத்திய பிறகும் அதன் விளைவு அடங்க இரண்டு வாரம் போல ஆகும்.

இதைப் படித்துவிட்டு டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உண்மையிலேயே டிபி இருந்தால் அரைகுறையாக நிறுத்துவது பெரிய ஆபத்து. டிபி உறுதியானதா, இல்லை சந்தேகத்தில் கொடுத்ததா என்பதைச் சிகிச்சை அட்டையோடு போய் டாக்டரிடம் கேளுங்கள். எப்போதோ டிபி வந்து முழுசாகக் குணமானவர்களுக்கு அது பொதுவாகத் தடையாக இருப்பதில்லை. ஆனால் நுரையீரலில் பரவலான தழும்பு, அழற்சி என்று சிடியில் இருந்தால் யோசிப்பார்கள். இந்த மாத்திரைகளின் அரிதான, ஆனால் மோசமான பக்கவிளைவு நுரையீரல் அழற்சி என்பதால், அந்த வரலாறு உள்ளவரைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

சித்த மருந்தும் சேர்த்து எடுக்கிறோம். சொல்லணுமா?

சொல்லியே ஆக வேண்டும். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கும் ஊர் நம்முடையது. சூரணமும் பற்பமும் இல்லாத வீடு குறைவு. நாங்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. ஆனால் ட்ரயல் மருந்தும் இன்னொரு மருந்தும் சேர்ந்து கல்லீரலைப் பாதித்தால், எது பாதித்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் பல ட்ரயல்களில் மூலிகை மருந்துகளைச் சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வைத்தியரின் சீட்டைக் கொண்டுவாருங்கள். சீட்டு இல்லையென்றால் டப்பாவையே கொண்டுவாருங்கள்.

யாரும் மருந்தாகவே நினைக்காத இன்னொன்று: காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை. பான்டோபிரசோல், ஓமிபிரசோல் வகை மாத்திரைகள் வயிற்று அமிலத்தைக் குறைத்து, எர்லோடினிப், கெஃபிடினிப், சோடோராசிப் போன்ற இலக்கு மாத்திரைகள் உடம்பில் சேர்வதையும் குறைத்துவிடும். தோட்டத்தில் காய்க்கும் பம்பளிமாஸ் பழமும் சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. வீட்டில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கேஸ் மாத்திரை போடுவதால் அது பட்டியலில் வருவதே இல்லை. நாங்கள்தான் தோண்டிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்கு 74 வயசு. சுகர், பிரஷர் இருக்கு. வயசைக் காட்டித் தள்ளிவிடுவார்களா?

நிறைய ட்ரயல்களில் 18 வயது நிரம்ப வேண்டும் என்று இருக்குமே தவிர, மேல் வரம்பு இருக்காது. வயதை விட நடமாட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். இதற்கு ஈகாக் என்று 0 முதல் 4 வரை ஒரு அளவுகோல் உண்டு. 0 என்றால் முன்போல எல்லா வேலையும் செய்கிறார். 1 என்றால் கடின வேலை முடியாது, லேசான வேலை முடியும். 2 என்றால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார், பகலில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுவார், ஆனால் உழைக்க முடியாது. 3 என்றால் பகலில் பாதிக்கு மேல் படுக்கை. 4 முழுப் படுக்கை. அதிகமான ட்ரயல்கள் 0, 1 கேட்கும். சில 2 வரை போகும்.

இதைக் கணிப்பதில் ஒரு வேடிக்கை நடக்கும். அறைக்குள் வரும் அப்பா, டாக்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடந்து, "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பின்னால் வரும் மகன், "இல்ல டாக்டர், பாத்ரூம் போகவே தாங்கிப் பிடிக்கணும்" என்பான். இரண்டும் முழு உண்மையில்லை. அதனால் "வயலுக்குப் போய் மடை திறந்துவிட்டு வருவீங்களா? போன வாரம் போனீங்களா? நடுவுல எத்தனை தடவை உட்கார்ந்தீங்க?" என்று கேட்போம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தாங்காத உடம்பில் மருந்து ஏறினால் கஷ்டப்படப்போவது அவர்தான்.

சுகரும் பிரஷரும் கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு, ஈசிஜியில் க்யூடி இடைவெளி (இதயத்தின் மின் அலையில் ஒரு அளவு) நீண்டிருப்பது, முற்றிய இதயப் பலவீனம் இவற்றைப் பார்ப்பார்கள். ஸ்டென்ட் வைத்துப் பல வருஷம் ஆகி நன்றாக இருப்பவரை அதற்காகவே ஒதுக்குவது குறைவு.

ரத்த ரிப்போர்ட்டில் என்ன எண் இருக்க வேண்டும்?

ஹீமோகுளோபின் 9-க்கு மேல், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 1,500-க்கு மேல், தட்டணு ஒரு லட்சத்துக்கு மேல், கல்லீரல் என்சைம்கள் இயல்பு வரம்பின் இரண்டரை மடங்குக்குள் (கல்லீரலுக்கு நோய் பரவியிருந்தால் ஐந்து மடங்கு வரை), கிரியாட்டினின் கட்டுக்குள். இவை அடிக்கடி காணும் அளவுகள். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனையும் இருக்கும். ஹெபடைடிஸ் பி இருந்தால் உடனே நிராகரிப்பு என்று பயப்பட வேண்டாம். மருந்து எடுத்துக் கட்டுக்குள் வைத்திருப்பவரைச் சேர்த்துக்கொள்ளும் ட்ரயல்களும் உண்டு.

சிடியில் அளக்கக்கூடிய கட்டி ஒன்றாவது இருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள்: கட்டி என்றால் 10 மில்லிமீட்டர், நெறிக்கட்டி என்றால் குறுக்களவில் 15 மில்லிமீட்டர். மருந்து வேலை செய்கிறதா என்பதை அளந்துதானே சொல்ல முடியும்?

மூளைக்குப் பரவிடுச்சு. அவ்வளவுதானா?

இல்லை. ஒரு காலத்தில் மூளைக்குப் பரவியவர்களைத் தொட மாட்டார்கள். இப்போது ஓசிமெர்டினிப், அலெக்டினிப், லார்லாடினிப் போன்றவை மூளைக்குள்ளும் போய் வேலை செய்வதால், வலிப்பு, வாந்தி, தலைவலி என்று தொந்தரவு இல்லாமல், ஸ்டீராய்டு தேவைப்படாமல் நிலையாக இருப்பவர்களைச் சேர்க்கிறார்கள். மூளை எம்ஆர்ஐயும், கதிரியக்கம் கொடுத்திருந்தால் அதன் தேதியும் கைவசம் இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு கேன்சர்னு இன்னும் சொல்லலை. தாங்கமாட்டார். அவருக்குத் தெரியாம நாங்க கையெழுத்துப் போட்டுச் சேர்க்கலாமா?

முடியாது. நினைவு தெளிவாக இருக்கும் ஒருவருக்குப் பதிலாக மகனோ அண்ணாச்சியோ ஊர்ப் பெரியவரோ கையெழுத்துப் போட முடியாது. என்ன நோய், என்ன மருந்து, என்ன ஆபத்து, இதில் சேராவிட்டால் வேறு என்ன சிகிச்சை இருக்கிறது என்று அவருக்குப் புரியும் தமிழில் சொல்லி, அவர் கேள்வி கேட்டு, அவரே கையெழுத்துப் போட வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு. அப்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். புது மூலக்கூறு மருந்து ட்ரயலில், எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்கள் என்று சட்டம் கருதுபவர்கள் சேரும்போது, இந்தப் பேச்சை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் விதி.

மறைப்பதற்குப் பின்னால் இருப்பது பாசம்தான். ஆனால் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: பல அப்பாக்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவு வாசலில் உட்கார வைத்தார்கள், பக்கத்தில் இருந்தவர்களின் தலையில் முடி இருந்ததா என்பதைப் பார்த்தே அவர் கணக்குப் போட்டிருப்பார். வீட்டில் யாரும் பேசாததால் அவரும் பேசாமல் இருக்கிறார். டாக்டரை வைத்து, ஒரு மதிய நேரம், அவசரமில்லாமல் சொல்லுங்கள். சொல்லிய பிறகு அவர் "எனக்கு ட்ரயல் வேண்டாம், ஊரில் இருக்கிறேன்" என்றால் அதையும் கேட்க வேண்டும்.

படிவத்தில் நாமினி பெயர் கேட்பார்கள். அதைப் பார்த்து "சாகப்போறவனுக்குத்தானே நாமினி?" என்று மிரள வேண்டாம். இந்தியாவில் எல்லா ட்ரயல் படிவத்திலும் அது உண்டு. ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காக அது. கையெழுத்தான படிவத்தின் நகல் ஒன்று உங்களுக்குத் தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

வெறும் மாத்திரை கொடுத்து ஏமாத்துவாங்களா?

நல்ல மருந்து இருக்கும் நோயில், ஒருவருக்கு வெறும் மாத்திரை (உள்ளே மருந்தே இல்லாதது) மட்டும் கொடுத்து விட்டுவிட அனுமதி கிடையாது. பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு வழக்கமான மருந்து, இன்னொரு பிரிவுக்குப் புது மருந்து. இல்லையென்றால் இரு பிரிவுக்கும் வழக்கமான மருந்து, ஒன்றுக்குக் கூடுதலாகப் புது மருந்து. யார் எந்தப் பிரிவு என்பதைக் கணினி தீர்மானிக்கும். டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டாலும் மாற்ற முடியாது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வு நல்ல உதாரணம். இஜிஎஃப்ஆர் மாற்றமுள்ள 350 பேரில் ஒரு பகுதிக்கு கெஃபிடினிப் மட்டும், இன்னொரு பகுதிக்கு கெஃபிடினிப்போடு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் கீமோ. நோய் வளராமல் இருந்த காலம் முதல் பிரிவில் நடுமதிப்பாக 8 மாதம், இரண்டாவதில் 16 மாதம். இரண்டாவது பிரிவில் கடுமையான பக்கவிளைவுகளும் கூடுதலாகவே இருந்தன. இரண்டு பிரிவுக்கும் மருந்து கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்கும் ட்ரயல்களில் வெறும் மாத்திரைப் பிரிவு இருந்ததுண்டு. வழக்கமான சிகிச்சை முடிந்து, இனி கண்காணிப்பு மட்டும்தான் என்ற கட்டத்தில் அது நடக்கும். அப்படி இருந்தால் படிவத்தில் தெளிவாக எழுதியிருக்கும்.

நம்மளை எலி மாதிரி வெச்சுப் பார்க்கிறாங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்களே?

பழைய காலத்தில் நடந்த தவறுகளால் வந்த பயம் அது, காரணமில்லாமல் வரவில்லை. இப்போது 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் அமலில் இருக்கின்றன. ஒவ்வொரு ட்ரயலையும் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர். பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சாராதவர்கள். மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர் ஒருவரும் இருக்க வேண்டும். ஆய்வினால் உடம்புக்குப் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவம், நிரந்தர ஊனமோ மரணமோ என்றால் இழப்பீடு. அந்த இழப்பீட்டைக் கணக்கிட 8 லட்சம் ரூபாயை அடிப்படைத் தொகையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரமும் உண்டு. நோய் தானாக முற்றியதற்கு இழப்பீடு கிடையாது.

குழுவின் தொலைபேசி எண் ஒப்புதல் படிவத்திலேயே இருக்கும். டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை அவர்களிடம் கேட்கலாம்.

செலவு?

ஆய்வு மருந்துக்கும், ஆய்வுக்காகவே செய்யும் பரிசோதனைகளுக்கும் நீங்கள் பணம் கட்டுவதில்லை. "ட்ரயலில் சேர்த்துவிடுகிறேன், இவ்வளவு கொடுங்க" என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கமான சிகிச்சைக்கு எந்தப் பகுதி உங்கள் கணக்கு, எந்தப் பகுதி அவர்கள் கணக்கு என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கொண்டுவாருங்கள், ட்ரயலில் சேர்வதால் அது ரத்தாகாது. தனியார் பாலிசியில் பரிசோதனை நிலை சிகிச்சைக்குப் பணம் தர மாட்டோம் என்ற விதி இருக்கக்கூடும், முன்கூட்டியே விசாரியுங்கள்.

பயணம்தான் நமக்கு உண்மையான சுமை. முதல் மாதங்களில் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் என்று வரச் சொல்வார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்குவது திடமான ஆளுக்கு ஒன்றுமில்லை. மூச்சு வாங்குகிறவருக்கு அது தண்டனை. ஒரே ட்ரயல் பல ஊர்களில் நடக்கும். மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ மையம் இருக்கிறதா என்று கேளுங்கள். பயணப்படி தரும் ட்ரயல்கள் பல. பஸ் டிக்கெட்டைக்கூடக் கசக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

எந்த ட்ரயல் நடக்குதுன்னு எப்படித் தேடுறது?

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு, சுருக்கமாக சிடிஆர்ஐ. 2007-ல் தொடங்கியது, 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் கல்லூரி படிக்கும் பிள்ளையை உட்கார வையுங்கள். நோயின் பெயரும் ஜீன் பெயரும் போட்டுத் தேடி, ஆள் சேர்க்கும் நிலை திறந்திருக்கிறதா, எந்தெந்த மருத்துவமனை, சேர்க்கும் விதி என்ன, விலக்கும் விதி என்ன என்று பாருங்கள். பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணே இல்லாத "ட்ரயல்" என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

"தகுதி இல்லை"ன்னு சொல்லிட்டாங்க. இனி என்ன?

எதனால் என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் குறைவு, தொற்று, இடைவெளி போதவில்லை என்றால் சரிசெய்துகொண்டு மறுபடி வரலாம். முதற்கட்டப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் 28 நாள் போல அவகாசம் இருக்கும். ஜீன் பொருந்தவில்லை என்றால் அந்த ட்ரயல் உங்களுக்கானதில்லை, அந்த மருந்தால் பலனும் கிடைத்திருக்காது.

ட்ரயலுக்கு வெளியேயும் மருந்து இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். கெஃபிடினிப் ஜெனரிக்காகவே கிடைக்கிறது. ட்ரயலில் இடம் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தில், கையில் இருக்கும் நல்ல சிகிச்சையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் நஷ்டம்.

முதல் நாள் வரும்போது என்ன கொண்டுவரணும்?

பயாப்சி ரிப்போர்ட், ஜீன் ரிப்போர்ட், பிளாக், ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டு (காகிதம் மட்டும் போதாது), எடுத்த எல்லாச் சிகிச்சைக்கும் தேதியோடு டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையும் அட்டையோடு, ஆதார். முடிவெடுக்கும்போது கூட இருக்க வேண்டிய ஒருவர். ஆறு பேர் வேண்டாம், அறையில் இடமிருக்காது.

சேர்ந்த பிறகு பிடிக்கலைன்னா பாதியில் வந்துடலாமா?

எப்போது வேண்டுமானாலும் வரலாம், காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. வழக்கமான சிகிச்சைக்கு அதனால் பாதிப்பு வராது. ஆனால் போனை எடுக்காமல் மறைந்துவிடாதீர்கள். சில மாத்திரைகளை டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். கடைசியாக ஒரு பரிசோதனையும் செய்துகொள்வது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. வரும்போது மீதி மாத்திரையையும் காலி அட்டைகளையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கு எழுதி வைக்க வேண்டும்.